பத்துக்கு மேல்

எனக்கு முன்னால் நிற்பது கார்வண்ணனின் முதுகு. நீலக் கட்டம் போட்ட சட்டை, காலருக்கு அடியில் லாண்டரிக்காரர் மையால் போட்ட எண், மூன்றா எட்டா என்று சொல்ல முடியாத ஒரு கிறுக்கல், அதையும் விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எண் என்று எதைக் கண்டாலும் எனக்கு ஓர் அரிப்பு. கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம். தம்பி, அந்த வரியை நீ எப்படி ரவுண்டு பண்ணினாய் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்கக்கூடாது. இந்த வேலையில் மிச்சமிருக்கிற ஒரே தீட்டு அதுதான். அவன் ஒரு புரோகிராம் எழுதுவான், அதைப் பார்க்காமலே நான் ஒன்று எழுதுவேன், இரண்டின் விடைகளையும் மூன்றாவதாக ஒரு புரோகிராம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. கணக்குப் போடுகிறவனும் சரிபார்க்கிறவளும் கணக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளக்கூடாது, பேசினால் சரிபார்த்ததே செல்லாது, புதிதாக ஓர் ஆளைப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழை, பிள்ளைகள், வாடகை வீடு, கேன்டீன் சாம்பார் எல்லாம் பேசலாம். இன்றைக்கு எல்லா வரியும் பச்சை. நான் அழுத்த வேண்டியது 'சரி' என்கிற ஒரே பொத்தான், அழுத்தினால் யாருக்கு மருந்தை நிறுத்த வேண்டும் என்கிற பட்டியல் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும். அழுத்தவில்லை, எழுந்து டீக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டேன். வந்து பார்த்தால் முன்னால் இவனுடைய முதுகு.

பச்சை வந்ததும் போய்த் தொலைந்திருக்கலாம், யார் என்னை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னது. விடை மட்டும்தான் என் பொறுப்பு, விடைக்கு முந்தைய எண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, என் கை போய்த் திறந்தது. பத்து என்று பட்டியலில் நின்ற இடத்தில் உள்ளே பத்தரை இருந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, நாற்பத்து நான்கு வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய், புது மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேர்ந்திருக்கிறாள், பெயர் எங்களுக்கு வராது, எண்தான் வரும். மருந்து கட்டியைச் சுருக்குகிறது, சிலருக்கு இதயத்தையும் சோர வைக்கிறது. அதனால் அடிக்கடி எக்கோ எடுத்து இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். முதலில் அவளுக்கு அறுபத்து நான்கு சதவீதம். இப்போது ஒரு டாக்டர் ஐம்பத்து மூன்று என்கிறார், இன்னொருவர் ஐம்பத்து நான்கு என்கிறார், சராசரி ஐம்பத்து மூன்றரை, ஆக வீழ்ச்சி பத்தரை. பத்துக்கு மேல் விழுந்தால் மருந்தை நிறுத்த வேண்டும். கார்வண்ணனின் புரோகிராமும் பத்து என்றது, என்னுடையதும் பத்து என்றது, பத்து என்பது பத்துக்கு மேல் இல்லை, பச்சை, மருந்தை ஏற்றலாம். இன்று மதியத்துக்கு முன்னால் ஏற்றுவார்கள், வியாழக்கிழமை அங்கே மருந்து ஏற்றும் நாள். அவள் இந்நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருப்பார்கள், நான் இங்கே டீ வரிசையில் நின்று காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தரை எப்படிப் பத்தானது என்று எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், முழு எண்ணாக்கும்போது பாதியோ அதற்கு மேலோ வந்தால் மேலே ஏற்று, அந்தக் கணக்கில் பத்தரை பதினொன்று. இத்தனை வருடம் நாங்கள் பிழைத்த பழைய சாஃப்ட்வேரும் அப்படித்தான் செய்தது. இந்த வருடம் கம்பெனி புதுசுக்கு மாறியது. புதுசுக்குப் பழக்கம் வேறு, சரிபாதி வந்து நின்றால் பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். பத்தரை பத்தாகும், பதினொன்றரை பன்னிரண்டாகும். எப்போதும் மேலேயே ஏற்றிக்கொண்டிருந்தால் மொத்தக் கணக்கும் மேல்பக்கம் சாய்ந்துவிடும், பாதியை ஏற்றிப் பாதியை இறக்கினால் ஆயிரக்கணக்கான எண்களில் அது சமனாகிவிடும், நியாயமான ஏற்பாடுதான், கூட்டத்துக்கு, ஒற்றை ஆளுக்கு இல்லை. நல்ல காரியத்துக்குத் தட்டு வைத்தால் ஒற்றைப்படையில் வை என்கிற ஊரில் பிறந்து, இரட்டைப்படையைக் கண்டால் ஓடுகிற சாஃப்ட்வேரோடு மாரடிக்கிறேன். பழசு, புதுசு இரண்டிலும் கட்டளைக்குப் பெயர் ஒன்றேதான், ரவுண்டு. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இரண்டு மரியபுஷ்பம் இருந்தார்கள், ஒருத்தி கேட்டதற்கு மேல் இரண்டு மீன் சேர்த்துப் போடுவாள், மற்றவள் நம் தலையைக் கண்டதும் கதவைச் சாத்துவாள், அம்மா மரியபுஷ்பத்திடம் வாங்கி வா என்றால் எந்த மரியபுஷ்பம் என்று கேட்காமல் நான் நகர்ந்ததில்லை. இங்கே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இதோ முன்னால் நிற்கிற இவனும் கேட்டிருக்கமாட்டான், தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், பேசாமல், ஒரே குழியில் விழுந்திருக்கிறோம். பச்சை என்பதற்கு இருவரும் சரி என்று அர்த்தமில்லை, இருவரும் ஒன்று என்றுதான் அர்த்தம். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், இரண்டாவது வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

"அண்ணே, போன தடவ மாதிரி பாயசம் ஆக்கிடாதீங்க, சர்க்கர கம்மியா போடுங்க" என்று கார்வண்ணன் டீ மாஸ்டரிடம் சொல்கிறான், எவ்வளவு நிம்மதியான குரல். திரும்பி என்னைப் பார்த்துவிட்டான். "என்னக்கா, மேட்ச் ஆயிடுச்சுல்ல? அழுத்திட்டீங்களா?" இது பேசலாம், இது கணக்கு இல்லை. "டீ குடிச்சிட்டு அழுத்துறேன்" என்கிறேன். "மறுபடி மைனஸ் சைபர் கிடைச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்று சிரிக்கிறான், பின்னால் நிற்கிற இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், நானும் பல்லைக் காட்டுகிறேன். போன மாதத்துக் கதை அது. ஓர் அட்டவணையில் சைபருக்கு முன்னால் மைனஸ் குறி நின்றது, சைபருக்குக் கீழே மயிரிழை அளவு இருந்ததை முழு எண்ணாக்கியபோது எண் போய்விட்டது, குறி மட்டும் ஒட்டிக்கொண்டது, நான் குதியாய்க் குதித்து மொத்த அட்டவணையையும் நிறுத்தி வைத்தேன். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து நான் மைனஸ் சைபர் மேடம். ஹேமலதா மேடம், எங்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவர், நல்லவர்தான், தனியாகக் கூப்பிட்டு, "ஜெனிட்டா, கண்ணு கூர்மையா இருக்கறது நல்லது, ஆனா எதக் கண்டாலும் கத்தினா கடைசில ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றார். இப்போது போய்ப் பத்தரை என்று நின்றால்? இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிருக்கிறதே, எந்த ரவுண்டு சரி என்று நீ எப்படிச் சொல்வாய், மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேட்போம் என்பார். எழுதிக் கேட்டால் பதில் நாளைக்கோ மறுநாளோ வரும். அதுவரை பட்டியல் போகாது. பட்டியல் போகாவிட்டால் ஆஸ்பத்திரிகள் போன பட்டியலை வைத்து ஏற்றுவார்கள், போன பட்டியலில் அவள் நிறுத்த வேண்டியவர்களில் இல்லை. அழுத்தினாலும் ஏற்றுவார்கள், அழுத்தாவிட்டாலும் ஏற்றுவார்கள். நான் எதுவும் செய்யாமல் இந்த வரிசையிலேயே சாயங்காலம் வரை நின்றாலும் மருந்து அவள் நரம்புக்குள் சொட்டிக்கொண்டிருக்கும்.

சரி, நிறுத்தினால் மட்டும் என்ன, நிறுத்துவது நல்லது என்று உனக்கு யார் சொன்னது, ஜெனிட்டா. மறுபடி எக்கோ எடுத்து, இதயம் தேறியிருந்தால்தான் திரும்பக் கொடுப்பார்கள், அதற்குச் சில வாரம் ஆகும், கட்டி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்குமா. பத்தரை ஒன்றும் பதினைந்து இல்லையே. ஒரு டாக்டர் இன்னும் ஒரே ஒரு எண் கூடுதலாகச் சொல்லியிருந்தால் உண்மையாகவே பத்தாகியிருக்கும், எக்கோ என்பதே கண் மதிப்புதானே. இதே பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்பாவின் பிரஷர் எப்போதும் சைபரில்தான் முடிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், மாதம் ஒரு முறை பக்கத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்ப்பார்கள், நூற்று நாற்பது, தொண்ணூறு. அடுத்த மாதம் நூற்று நாற்பது, தொண்ணூறு. அந்த நர்சம்மா கெட்டவள் இல்லை, பாதரசம் நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் நின்றால் நாற்பது என்று எழுதினாள், எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினாள், சைபர் பார்க்க லட்சணமாக இருக்கிறது. கொஞ்சம் கூட இருந்தால் என்ன என்று டாக்டரும் மாத்திரையைக் கூட்டவில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை, ஒரு காலைநேரம் அப்பா பல் துலக்கிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வாய் கோணிப்போய் ஏதோ சொன்னார், என் பெயராகத்தான் இருக்கும் என்று நான் வைத்துக்கொண்டேன். அந்த நர்சம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, சாவு வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதபோதும் இருந்தது. இப்போது பாதரசம் என் கையில் இருக்கிறது.

எது சரி, மேலே ஏற்றுவதா, இரட்டைப்படைக்கு ஓடுவதா, புதுசு சரியா, பழசு சரியா, செக்குமாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். கார்வண்ணன் டீயை வாங்கிக்கொண்டு பக்கத்து உயர மேசையில் வைத்துவிட்டான். "மேடம், உங்களுக்கு?" என்கிறார் டீ மாஸ்டர். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை, ஏதோ சொல்கிறேன், பின்னால் எங்கோ கேன்டீன் லிஃப்டில் ஆள் அதிகமாக ஏறிவிட்டார்கள், அது கிணுகிணு என்று கத்துகிறது, யாரோ இறங்குகிறார்கள், நின்றுவிடுகிறது. அப்பாவின் கிரேனிலும் மணி இருந்தது. ஒரு பெருநாள் விடுமுறையில் என்னை மேலே கூண்டுக்குள் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டார், கீழே கடல், எதிரே ஒரு போர்டு, தூக்குகிற பாரத்தை எண்ணாகக் காட்டும். பத்து டன்னுக்கு மேல் தூக்கக்கூடாது. கொக்கி ஒரு பெட்டியைத் தூக்கியது, போர்டில் பத்து என்று வந்தது, மணி அலறியது, நான் காதைப் பொத்திக்கொண்டேன். பத்துதானப்பா இருக்கு, ஏன் அடிக்கி என்றேன். அப்பா பெட்டியை மெல்லத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார், "ஏட்டி, போர்டு நாம பாக்கதுக்கு. அதுக்கு முழுசாத்தான் காட்டத் தெரியும். உள்ள என்ன கனம்னு மணிக்குத் தெரியும்லா." போர்டு நாம் பார்ப்பதற்கு. டீ டம்ளர் கையில் சுடுகிறது, விடவில்லை. எங்களுக்கு எழுதித் தந்திருக்கிற விதியில் இரண்டு வாக்கியம் உண்டு. வீழ்ச்சியை முழு எண்ணாக்கிப் பட்டியலில் காட்டவும். அது போர்டு. வீழ்ச்சி பத்துக்கு மேல் இருந்தால் மருந்தை நிறுத்தவும். அது மணி. ரவுண்டு பண்ணிவிட்டு அப்புறம் ஒப்பிடு என்று அதில் யாரும் எழுதவில்லை, இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்து இருந்ததால் நாங்களாகவே படிப்படியாக இறங்கிவிட்டோம், வருடக்கணக்காக ரவுண்டு பண்ணியே பழகிப்போன கை, எண்ணைக் கண்டதும் முதலில் மழித்துவிடுகிறது. எந்த ரவுண்டு சரி என்று இவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேனே, முட்டாள், முட்டாள், இங்கே ரவுண்டுக்கே வேலையில்லை.

மேசைக்குப் போனேன். தனியாகப் போய் நின்றால் நான் மைனஸ் சைபர் மேடம்தான், இவனும் கூட வர வேண்டும். கேட்டால் தீட்டு, கேட்கிறேன். "கார்வண்ணன், பத்தர பத்த விடப் பெரிசா, சின்னதா?" அவன் டீயை ஊதிக்கொண்டே சிரித்தான். "இதென்னக்கா, என் பொண்ணு கேக்கற மாதிரி கேக்கறீங்க. பெரிசுதான்." அப்புறம் ஊதுவது நின்றது. என் முகத்தையே பார்த்தான். எந்த வரி என்று அவன் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை, அவனும் உள்ளே எண்ணைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்துவிட்டுப் பத்து என்று கடந்து போயிருக்க வேண்டும், அது அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. "ஐயோ அக்கா" என்றான். டம்ளரை வைத்துவிட்டு ஓடினான், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில். நானும் பின்னால் ஓடினேன், டீ அங்கேயே இருந்தது.

ஹேமலதா மேடம் மூச்சிரைக்கிற எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. பேசிட்டீங்களா?" "பேசிட்டோம் மேடம்" என்றேன், "சரிபார்த்தது செல்லாது, என்னை எடுத்துடுங்க, அத அப்புறம் எழுதித் தர்றேன். மதுரைல ஒருத்தருக்கு வீழ்ச்சி பத்தர. மருந்து ஏத்தப் போறாங்க." மேடம் வாய் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மைனஸ் சைபர் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "எந்த ரவுண்டிங்படி?" என்றார். "ரவுண்டிங்கே இல்ல மேடம். பத்தர பத்துக்கு மேல. அவ்வளவுதான்." மேடம் கண்ணாடியைக் கழற்றினார், விதியைத் திறந்தார், அந்த இரண்டு வாக்கியத்தையும் உதடு அசைய வாசித்தார், மறுபடி வாசித்தார், எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்புறம் போனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆய்வைக் கவனிக்கிற சிஸ்டரின் எண். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை, மறுபடி போட்டார், ஸ்பீக்கரில் போட்டார், எடு, எடு தாயி, அடிக்கிறது. எடுத்தார்கள். மேடம் அவளுடைய ஆய்வு எண்ணைச் சொன்னார், "அவங்களுக்கு ஏத்திட்டீங்களா?" "இல்ல மேடம், ஊசி போட்டாச்சு, மருந்து இப்பத்தான் மாட்டப் போறோம்." "மாட்டாதீங்க. நிறுத்துங்க. டாக்டர்ட்ட நான் பேசுறேன்." அந்தப் பக்கம் ஏதோ உலோகச் சத்தம், ஸ்டாண்டை நகர்த்துகிறார்கள் போல. எனக்குள் இவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டிருந்தது விட்டுப்போனது, அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அப்போது அவள் குரல் கேட்டது. போனுக்குச் சற்றுத் தள்ளி, கொஞ்சம் கட்டையான குரல்.

"ஏன் சிஸ்டர் ஊசியக் கழட்டுறீங்க? இன்னைக்கு மருந்து இல்லையா?" என்றாள். "விடியுமுன்ன பஸ் ஏறி வந்திருக்கேன் சிஸ்டர். கட்டி சுருங்கிருச்சுன்னு போன தடவதான சொன்னீங்க." நான் நினைத்தே பார்த்திராத பயம் அந்தக் குரலில் இருந்தது, எங்கள் நல்ல செய்தி அவளிடம் கெட்ட செய்தியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. "கொடுப்போம்மா, ஹார்ட்ட ஒருக்கா பாத்துட்டுக் கொடுப்போம்" என்றார் சிஸ்டர். "ஹார்ட்டுக்கு என்ன, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, தலகாணிய ரெண்டா வச்சு உக்காந்த மேனிக்குத் தூங்குறேன், அது மருந்து வேல செய்யறதுனாலதான சிஸ்டர்?" மருந்து வேலை செய்வதால் இல்லை, இதயம் சோர்ந்தால்தான் படுக்கும்போது இப்படி மூச்சு முட்டும். இங்கே ஹேமலதா மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக. "எத்தனை நாளாம்மா?" என்று சிஸ்டர் கேட்பது கேட்டது, "ஏன் முன்னாடியே சொல்லல?" "யாரும் கேக்கலையே" என்றாள் அவள். கார்வண்ணன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான், நான் உட்காரவில்லை, அவள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.